‘உனக்கு என்ன ஆசை தாத்தா?’ - சாகக் கிடந்தவரை எழுப்பி ஓடவிட்ட ‘கே.டி. (எ) கருப்புதுரை’

2019-ம் ஆண்டு நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது அன்றுதான். குற்றாலம், செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில் எல்லாம் புது மாவட்டத்துக்குள் வந்தன. அதே வெள்ளிக்கிழமை தியேட்டர்களில் ஒரு சின்னப் படமும் வெளியானது. பெரிய ஹீரோ கிடையாது, டூயட் கிடையாது, சண்டை கிடையாது. கதாநாயகனுக்கு 80 வயது. அவருக்கு ஜோடியாக ஊர் சுற்றுபவனுக்கு எட்டு வயது. படத்தின் பெயர், ‘கே.டி. (எ) கருப்புதுரை’.

மாவட்டம் பிறந்ததற்கும் படம் பிறந்ததற்கும் தொடர்பு இல்லை. ஒரே தேதி, அவ்வளவுதான். ஆனால், படம் பேசிய விஷயம் தென்மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. வீட்டில் ஒரு பெரியவர் இழுத்துக்கொண்டு கிடக்கிறார். சுற்றிலும் பிள்ளைகள். ‘இன்னும் எத்தனை நாளைக்கு?’ என்ற கேள்வி எல்லோர் மனதிலும் ஓடுகிறது. யாரும் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை எடுத்து, நம்மைச் சிரிக்கவைத்து, கூடவே குற்றவுணர்ச்சியையும் கொடுத்து அனுப்பிய படம் இது.

படுத்தவர் எழுந்தால்..?

கதை ரொம்பச் சின்னது. கருப்புதுரை மூன்று மாதங்களாக கோமாவில் கிடக்கிறார். பிள்ளைகள் கூடிப் பேசி, அவருக்குத் ‘தலைக்கூத்தல்’ செய்துவிடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து கிழவருக்கு விழிப்பு வந்துவிடுகிறது. தன்னை அனுப்பிவைக்கத் தன் பிள்ளைகளே திட்டம் போடுவதைக் காதால் கேட்கிறார். சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. எழுந்து வீட்டைவிட்டு ஓடிவிடுகிறார்!

போகிற வழியில், கோயிலை அண்டி வாழும் குட்டி என்ற அநாதைச் சிறுவனைச் சந்திக்கிறார். முதலில் இருவருக்கும் ஆகவே ஆகாது. பிறகு பிரிக்கவே முடியாது. ‘கருப்புதுரை’ என்ற பெயரைச் சுருக்கி, அவருக்குக் ‘கே.டி.’ என்று பட்டம் வைப்பதே இந்தப் பொடியன்தான். கிழவரின் ஆசைகளைக் கேட்டு ஒரு பட்டியல் போடுகிறான். அவற்றை ஒவ்வொன்றாக நிறைவேற்ற இருவரும் கிளம்புகிறார்கள். இன்னொரு பக்கம், சொத்து விவகாரத்துக்குக் கிழவர் வேண்டும் என்பதால், அவரைத் தேடிப் பிடிக்க ஆள் அனுப்புகிறது குடும்பம். முடிவை இங்கே சொல்லப் போவதில்லை. பார்க்காதவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இயக்கியவர் மதுமிதா. ‘வல்லமை தாராயோ’, ‘கொல கொலயா முந்திரிக்கா’ படங்களைக் கொடுத்தவர். சரிகம நிறுவனத்தின் யூட்லி ஃபிலிம்ஸ் தயாரித்தது. கருப்புதுரையாக வாழ்ந்தவர், பேராசிரியரும் நாடகக் கலைஞருமான மு.ராமசாமி. குட்டியாக நடித்த நாகவிஷாலுக்கு, 67-வது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான விருது கிடைத்தது.

அதே எண்ணெய்தான்

‘தலைக்கூத்தல்’ என்றால் என்ன என்று இளைய தலைமுறை வாசகர்கள் கேட்கலாம். தலைக்கு ஊற்றுதல் என்பதுதான் அந்தச் சொல். நாள்பட்டுப் படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீர் கொடுத்து, மரணத்தை வரவழைக்கும் கொடூரம். விருதுநகர், மதுரை, தேனி என்று தென்மாவட்டங்களின் சில பகுதிகளில் இது நடந்திருப்பதாகச் செய்திகள் வந்திருக்கின்றன. சட்டத்தின் பார்வையில் இது கொலை. ஆனால், வயதானவரின் சாவை யார் சந்தேகப்படுவார்கள்? ‘மூப்பு’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

2010-ல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு செய்தி நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தது. 80 வயதுப் பெரியவர் ஒருவர், தன்னை ‘அனுப்பிவைத்த’ பிறகு நிலத்தை எப்படிப் பங்கு போடலாம் என்று குடும்பத்தினர் பேசுவதைக் கேட்டுவிட்டார். வீட்டைவிட்டுத் தப்பி, உறவினர் ஒருவரிடம் தஞ்சம் புகுந்தார். ‘சினிமாவில்தான் இப்படி நடக்கும்’ என்று நாம் நினைக்கிற காட்சி, சினிமாவுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது!

தென்காசிப் பக்கத்து மக்களுக்கு எண்ணெய்க் குளியல் என்றதும் நினைவுக்கு வருவது குற்றாலம்தான். ஜூன் மாதம் சாரல் தொடங்கியதும், ஒரு வேன் பிடித்துக் குடும்பத்தோடு கிளம்புவார்கள். வேனில் தாத்தாவுக்கு ஜன்னல் ஓரம். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துவிட ஆள் இருப்பார்கள். தேய்த்து, தட்டி, நீவிவிட்ட பிறகு பேரருவியிலோ ஐந்தருவியிலோ போய் நின்றால், பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறது என்பார்கள் பெரியவர்கள். அருவிக்குள் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்கு இப்போது தடை வந்துவிட்டது. ஆனாலும் எண்ணெய் மசாஜுக்கும் குற்றாலத்துக்குமான பந்தம் விட்டுப்போகவில்லை.

உயிரை மீட்டுக் கொடுக்கும் என்று நம்பித் தேய்ப்பதும் எண்ணெய்தான். உயிரை எடுக்கத் தேய்ப்பதும் எண்ணெய்தான். செய்கிற கையிலும், செய்துகொள்பவரிடம் ‘உனக்குச் சம்மதமா?’ என்று கேட்டார்களா என்பதிலும்தான் வித்தியாசம் இருக்கிறது.

ஆசையை யாருக்காகக் கேட்கிறோம்?

கிராமத்து வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. பெரியவருக்கு உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டே இருந்தால், ‘ஏதோ ஆசை பாக்கி இருக்கு’ என்பார்கள். மண்ணாசையாக இருக்கும் என்று சொந்த நிலத்து மண்ணைக் கரைத்து ஒரு சொட்டு வாயில் விடுவார்கள். பொன்னாசையாக இருக்கும் என்று தங்கத்தை உரசிய தண்ணீரைக் கொடுப்பார்கள். பேரனைப் பார்க்க ஆசைப்படுகிறாரோ என்று சென்னைக்குப் போன் போடுவார்கள். கறிக்குழம்புக்கு ஏங்குகிறாரோ என்று நாக்கில் தொட்டு வைப்பார்கள்.

இதில் பாசம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். ஆசை என்ன என்று வீடே கூடி யூகிக்கிறது. நிறைவேற்றவும் பாடுபடுகிறது. எதற்காக? அவர் நிம்மதியாகப் ‘போய்ச் சேர’.

‘கே.டி.’ படம் இந்த நம்பிக்கையை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போடுகிறது. குட்டியும் அதே கேள்வியைத்தான் கேட்கிறான். ஆனால், கிழவரை அனுப்பிவைக்க அல்ல. அவரோடு சேர்ந்து ஊர் சுற்ற! பதிலாக வருகிற ஆசைகளும் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. பிரியாணி சாப்பிட வேண்டும், இளவயதில் நேசித்த பெண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சின்னச் சின்னதாகப் போகிறது பட்டியல். ஆயுள் முழுக்க நிலத்துக்கும் பிள்ளைகளுக்கும் உழைத்த மனிதரிடம் இதையெல்லாம் யாருமே கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்பவன், அப்பா அம்மா யாரென்றே தெரியாத ஒரு பையன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது தொண்டையை அடைப்பது இந்த இடத்தில்தான்.

கே.டி. பிரியாணி சாப்பிடும் காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள். மு.ராமசாமி அதில் நடிக்கவில்லை, ருசிக்கிறார். சாகப்போகிறவர் என்று வீடு முடிவுகட்டிய உடம்பில் இவ்வளவு பசி இருந்திருக்கிறது!

சாவு வீட்டில் சிரிக்கலாமா?

‘டார்க் காமெடி’ என்றதும், இது வெளிநாட்டுச் சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். நம் ஊர் சாவு வீடுகளை நினைத்துப் பாருங்கள். நூறைத் தொட்ட தாத்தா போனால் அது ‘கல்யாணச் சாவு’. மேளம் உண்டு, வெடி உண்டு, ஆட்டம் உண்டு, பேரப்பிள்ளைகளின் நெய்ப்பந்தம் உண்டு. ஒரு மூலையில் ஒப்பாரி நடக்கும்போதே, இன்னொரு மூலையில் ‘எனக்கு மரியாதை செய்யல’ என்று மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டு நிற்பார். அழுகையும் சிரிப்பும் ஒரே பந்தலுக்குள் இருப்பது நமக்குப் பழக்கம்தான்.

அதனால்தான் தென்னிந்தியாவில் இந்த ரகப் படங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன. கன்னடத்தில் ராம் ரெட்டி இயக்கிய ‘திதி’, 101 வயது ‘செஞ்சுரி கவுடா’ இறந்த பிறகு அவர் குடும்பத்தில் நடக்கும் கூத்து. மண்டியா மாவட்டத்துக் கிராமத்து மக்களையே நடிக்கவைத்து எடுத்த படம். 2015-ல் லொகார்னோ திரைப்பட விழாவில் விருது வென்றது. மலையாளத்தில் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘ஈ.ம.யௌ’ 2018-ல் வந்தது. அப்பாவுக்கு ஊர் மெச்ச இறுதிச் சடங்கு செய்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு, கொட்டும் மழையில் அல்லாடும் மகனின் கதை. தமிழில் ஹலிதா ஷமீமின் ‘ஏலே’ 2021-ல் வந்தது. செத்துப்போன அப்பாவை நினைத்து அழுகையே வராத மகனின் கதை அது.

இந்தப் படங்களில் அப்பா இறந்த பிறகுதான் ஆட்டம் சூடுபிடிக்கிறது. ‘கே.டி.’யில் அவர் உயிரோடு எழுந்து, ‘நான் இன்னும் போகவில்லை’ என்று காட்டுகிறார். வித்தியாசம் அங்கேதான்.

தலைக்கூத்தலைச் சிரிப்பே இல்லாமல் சொன்ன படமும் உண்டு. பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய ‘பாரம்’. இடுப்பு எலும்பு உடைந்து படுக்கையில் விழும் ஒரு வாட்ச்மேனின் கதை. 66-வது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வாகி, 2020 பிப்ரவரியில் தியேட்டருக்கு வந்தது. ‘பாரம்’ பார்த்தால் நெஞ்சு கனக்கும். வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது கொஞ்சம் கஷ்டம். ‘கே.டி.’யை தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி எல்லோரும் ஒன்றாகப் பார்க்கலாம். படம் முடிந்த பிறகு யார் முதலில் பேச்சை ஆரம்பிப்பது என்பதுதான் பிரச்னை!

காசிக்குப் போனவரும் வீட்டைவிட்டுப் போனவரும்

தென்காசிக்குப் பெயர் வந்த கதை இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். காசிக்குப் போகிற வழியிலேயே பக்தர்கள் பலர் இறந்துபோவதால், தெற்கிலேயே ஒரு காசி அமைக்கும்படி பராக்கிரம பாண்டியனின் கனவில் சிவன் சொன்னதாக ஐதீகம். 15-ம் நூற்றாண்டில் எழுந்த காசி விஸ்வநாதர் கோயிலின் உயர்ந்த கோபுரம், பாழடைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1990-ல் மறுபடி எழுந்தது.

வடக்கே இருக்கும் காசியில் ஒரு படம் எடுத்தார்கள். ‘முக்தி பவன்’, 2016. சுபாஷிஷ் பூட்டியானி இயக்கியது. 77 வயது அப்பா, ‘எனக்கு நேரம் வந்துவிட்டது, காசியில்தான் சாவேன்’ என்று திடீரென அறிவிக்கிறார். வேலையை விட்டுவிட்டு மகன் அவரோடு போய் ஒரு விடுதியில் தங்குகிறார். சாவுக்குக் காத்திருப்பதுதான் கதை. ஆனால், பல இடங்களில் சிரிப்பு வரும்.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று புரியும். காசிக்குப் போகும் அப்பா, எங்கே, எப்போது என்பதைத் தானே முடிவுசெய்கிறார். மகனுக்கு எரிச்சல் வருகிறது, சலிப்பு வருகிறது. ஆனாலும் அவர் சொல்வதைக் கேட்கிறார். கருப்புதுரையின் வீட்டில் அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. மரணம் இரண்டு வீட்டுக்கும் பொதுதான். அவமானம் ஒரு வீட்டில் மட்டும்தான்.

நம் சட்டமும் கிட்டத்தட்ட இந்தக் கோட்டைத்தான் போடுகிறது. பிழைக்க வாய்ப்பில்லாத நிலை வந்தால், உயிரை இழுத்துப் பிடிக்கும் கருவிகள் தனக்கு வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். 2018 மார்ச் 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. அதற்கு மருத்துவக் குழுக்களின் சம்மதம் வேண்டும். பக்கத்து அறையில் பிள்ளைகள் கூடிப் பேசி எடுக்கும் முடிவுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

அவருக்குக் காது கேட்கலாம்!

படுத்த படுக்கையாகக் கிடப்பவர் முன்னால் நாம் என்னென்ன பேசுகிறோம்? ஆஸ்பத்திரி பில், வீட்டுப் பத்திரம், ‘லீவு முடியுது, டிக்கெட் எப்போ போடட்டும்?’... ‘அவருக்கு எங்கே கேட்கப்போகுது’ என்ற தைரியம்தான்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மரணத்தின் விளிம்பில், எந்த அசைவும் பதிலும் இல்லாமல் இருந்த நோயாளிகளின் மூளை அலைகளை அளந்தார்கள். அவர்களில் சிலரது மூளை, ஒலிகளுக்கு ஆரோக்கியமானவர்களின் மூளையைப் போலவே எதிர்வினை காட்டியது. கேட்டது அவர்களுக்குப் புரிந்ததா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால், ‘கேட்கவே கேட்காது’ என்று இனி நாம் அடித்துச் சொல்ல முடியாது.

கருப்புதுரை எழுந்து ஓடுவது சினிமா. அவருக்குக் காது கேட்டது சினிமா இல்லை.

பிள்ளைகள் எல்லோரும் வில்லன்களா?

படத்தில் ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால், அது இதுதான். குடும்பத்தார் பக்கத்தை இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம். பேராசை பிடித்தவர்கள் என்று ஒரே வண்ணத்தில் வரைந்துவிட்டுக் கதை தாத்தாவின் பின்னால் போய்விடுகிறது.

நிஜம் அவ்வளவு சுலபமில்லை. மாதக்கணக்கில் படுத்திருப்பவரைப் புரட்டிப் படுக்கவைப்பது, படுக்கைப்புண் வராமல் பார்ப்பது, மலம் ஜலம் அள்ளுவது என எல்லாம் பெரும்பாலும் ஒரு மருமகளின் தலையிலோ மகளின் தலையிலோ விழுகிறது. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வெளியூரிலிருக்கும் மற்ற பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அறிவுரை அனுப்புவார்கள். அலுத்துப்போன ஒரு நொடியில், ‘சீக்கிரம் கூப்பிட்டுக்கிட்டா தேவலை’ என்று அவள் நினைத்தால் அது பாவமில்லை. அது உதவி கேட்கும் குரல்.

அந்த உதவி ஓரளவு இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளா. 2008-லேயே வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்த மாநிலம். நோயைக் குணப்படுத்த முடியாத கட்டத்திலும் வலியைக் குறைத்து, புண்ணைக் கவனித்து, வீடு தேடி வந்து பார்க்கிறார்கள். தமிழ்நாட்டிலும் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலி தணிப்புச் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

பெரியவர்களுக்கும் சில வழிகள் இருக்கின்றன. முதியோர் உதவி எண் 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இலவசமாகப் பேசலாம். 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, கவனிக்காத பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டுக் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். ‘என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, பிள்ளைகள் அதை மீறினால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க முடியும். எழுதும்போதே அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம். பெரியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு.

இந்திக்குப் போன கே.டி.

2025 ஜூலையில் மதுமிதாவே இந்தக் கதையை இந்தியில் ‘காளிதர் லாபதா’ என்று எடுத்தார். ஜீ5 தளத்தில் வெளியானது. அபிஷேக் பச்சன் நாயகன். அங்கே 80 வயதுத் தாத்தா, ஞாபக மறதியால் அவதிப்படும் நடுத்தர வயது அண்ணனாக மாறிவிட்டார். தலைக்கூத்தலுக்குப் பதிலாக, கூடப்பிறந்தவர்கள் அவரைக் கும்பமேளாக் கூட்டத்தில் விட்டுவிட்டு வருகிறார்கள். எண்ணெயும் இளநீரும் வடக்கே போகவில்லை. ஆனால், சிறுவனும் ஆசைப் பட்டியலும் போயிருக்கின்றன. பாரமாகிப்போன ஒரு மனிதரிடம் ‘உனக்கு என்ன வேணும்?’ என்று கேட்பது எந்த மொழியிலும் புரியும்போல!

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குத் திட்டம் போடும்போது, ‘தாத்தாவால முடியாது, வீட்டில இருக்கட்டும்’ என்று முடிவெடுக்கும் முன்னால், தாத்தாவிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அருவியில் நிற்க முடியாவிட்டாலும், சாரல் படுகிற தூரத்தில் நாற்காலி போட்டு உட்காரலாமே. அதுவும் முடியாதவர் என்றால், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கும்போதாவது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் கேளுங்கள். டாக்டர் அனுமதித்தால் ஒரு வாய், இல்லையென்றால் வாசனையாவது.

கேள்வி ரொம்பச் சுலபம்: ‘மட்டனா, சிக்கனா தாத்தா?’